பொத்தானை அமுக்கினால் போதும் என்றார்கள்

ஒரகடத்தில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கதவின் உள்கைப்பிடி, ஏசி காற்று வரும் வாய்க்குப் பொருத்துகிற சட்டம், சீட்டுக்கு அடியில் யார் கண்ணிலும் படாத மூடி என்று பலதும் எங்களிடமிருந்து போகின்றன. பாகத்தைச் செய்வது என் வேலை இல்லை. புதிதாக ஒரு பாகம் வந்தால் அதற்கான வேலைகளை யார் செய்ய வேண்டும், எதற்குப் பிறகு எது, எந்தத் தேதிக்குள் என்று பிரித்து எழுத வேண்டும். பிறகு அது நடக்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் என் வேலை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், "அப்படியா" என்று சொல்லிவிட்டு என் கணவரின் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அது எல்லோருக்கும் புரிகிற வேலை.

எழுதுவது காகிதத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பலகை இருக்கும், போர்டு என்போம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு போர்டு. ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கார்டு. செய்ய வேண்டியவை இடது ஓரம், நடப்பவை நடுவில், முடிந்தவை வலது ஓரம். கார்டில் பெயர் உள்ளவருக்குத் தேதி நெருங்கும்போது செல்பேசியில் செய்தி போகும். தேதி தாண்டினால் கார்டு சிவப்பாகிவிடும்.

ஒரு போர்டு போட எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் அச்சான மோல்டுக்கு வரைபடம், மோல்டு செய்வது, முதல் டிரையல், சாம்பிள் அளப்பது, குறை திருத்துவது, மறுபடி டிரையல், மறுபடி அளப்பது, பேக்கிங் பெட்டி, வாடிக்கையாளர் ஒப்புதல் என்று ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். கைப்பிடியோ மூடியோ, எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே வேலைகள்தான். பழைய போர்டை நகலெடுத்தால் பழைய தேதியும், கார்டுகளில் எழுதிப் போட்டுக்கொண்ட பழைய சண்டைகளும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் புதிதாகவே அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போது வழியில் போகிறவர்கள், "என்ன மேடம், ஃப்ரீயா?" என்று கேட்பார்கள். எல்லோருடைய வேலையையும் எழுதுகிறவளுக்குத் தனியாக ஒரு வேலை இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

எங்கள் கம்பெனியிலிருந்து படப்பை, தாம்பரம் பக்கம் மாலையில் இரண்டு பஸ் உண்டு. முதல் பஸ் வெளிச்சத்தில் கிளம்பும். இரண்டாவது, ஓவர்டைம் ஆட்களோடு இருட்டிய பிறகு. புதிய பாகம் வருகிற வாரங்களில் எனக்கு இரண்டாவதுதான். வண்டலூர் சாலையில் கார் ஏற்றிய நீள லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, படப்பையில் இறங்கி, பக்கத்து வீட்டில் இருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு கதவைத் திறப்பேன். அவள் அங்கேயே வீட்டுப்பாடத்தை முடித்திருப்பாள். பல நாள் சாப்பிட்டும் முடித்திருப்பாள். எனக்குப் பேச வாய் வராது. அவளும் பேசச் சொல்லிக் கேட்டதில்லை.

டெம்ப்ளேட் என்று ஒரு வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. ஒருமுறை மாதிரி போர்டு ஒன்றைச் சரியாகச் செய்து வைத்துவிட்டால், பாகத்தின் வகையும் ஆரம்பத் தேதியும் கொடுத்துப் பொத்தானை அமுக்கினால் போதும். கார்டுகள், பெயர்கள், தேதிகள் எல்லாம் தானாக விழும். மதிய இடைவேளைகளில் வீடியோ பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். கேன்டீன் எலுமிச்சை சாதத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வாய்க்கு ஒருமுறை வீடியோவை நிறுத்திக் குறித்துக்கொள்வேன். பிறகு என் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"பண்ணுங்க. எவ்ளோ நாள் ஆகும்?" என்றார்.

"மத்த வேலைக்கு நடுவுலதான் சார் பண்ணணும். ஒரு மாசம் ஆகும். அது முடிஞ்சா நான் முதல் பஸ்ல கெளம்பிக்கலாமா?"

அவர் சிரித்தார். "வேலை முடிஞ்சா உங்கள யாரு புடிச்சு வெக்கப் போறா?"

ஒவ்வொரு பிரிவாகப் போய் அவரவர் வேலைகளைக் கேட்டு எழுதினேன். டூல் ரூம் சூப்பர்வைசர் மணிமங்கலத்துக்காரர். ஐம்பது வயது தாண்டியவர். மோல்டு வந்து இறங்கினால் அதைப் பிரித்துப் பார்த்து, டிரையலுக்குத் தயார் செய்வது அவர் பிரிவு. நான் போனபோது ஒரு மோல்டின் தண்ணீர்க் குழாய்களை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"எல்லாம் எழுதிக்கோம்மா. நாள் மட்டும் போடாத. மோல்டு எப்ப சரியா வரும்னு மோல்டுக்கே தெரியாது."

"நாள் இல்லேன்னா கம்ப்யூட்டர் ஒத்துக்காதுங்க."

"அப்ப நீயே எதுனா போட்டுக்கோ," என்று மறுபடியும் குழாயை ஊத ஆரம்பித்தார்.

அடுத்தது குவாலிட்டி பிரிவு. சாம்பிள்களை அளந்து பார்க்கும் வேலைக்கு யார் பெயரைப் போடுவது என்று குவாலிட்டி மேனேஜரிடம் கேட்டேன். அவர் பிரிவில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அளவுக் கருவிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்ணைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு பேரையே போட்டுடுங்க. அதுதான் கரெக்டா முடிக்கும்."

அவள் தென்காசிப் பக்கம். படிப்பு முடித்து நேராக இங்கே வந்தவள். மாத்தூரில் ஒரு ஹாஸ்டலில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தாள். வந்த புதிதில் என்னிடம் கேன்டீன் குழம்பைப் பற்றிப் புலம்பியதில் ஆரம்பித்த பழக்கம். என்னை அக்கா என்பாள். டெம்ப்ளேட்டில் அவள் பெயர் வரப்போவதை அவளிடமே சொன்னேன்.

"போடுங்கக்கா. எப்படியும் நான்தான செய்யுதேன்," என்றாள்.

டெம்ப்ளேட் முடிந்த பிறகு வந்த முதல் பாகம் ஒரு கதவுப் பட்டை. காலையில் வந்து உட்கார்ந்து, வகையையும் தேதியையும் கொடுத்துப் பொத்தானை அமுக்கினேன். திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு கார்டுகள் மேலிருந்து கீழாக வரிசையாக விழுந்து நின்றன. சந்தோஷம் உடனே வரவில்லை. இத்தனை வருடம் விரல் தேய அடித்தது இவ்வளவுதானா என்றுதான் முதலில் இருந்தது. ஒவ்வொரு கார்டாகத் திறந்து பார்த்தேன். ஒரு தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. அதை மட்டும் மாற்றினேன். வேறு குறை இல்லை.

அன்று நான் முதல் பஸ்ஸில் போனேன். படப்பை கடைத்தெருவை வேலை நாளில் வெளிச்சத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் மகள் எழுந்து வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள். இல்லை, வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்றேன். அவள் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளோடு அன்று நிறையப் பேச வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். டீ போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அவள் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிச் சில வாரங்கள் கிடைத்தன. அந்த வாரங்களில் மகளோடு கடைக்குப் போனேன், துணிகளை மடித்து அலமாரியில் வைத்தேன், கணவரின் ஷிப்டு காலையாக இருந்தபோது மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் எழும்போது முதுகு கொஞ்சம் இலேசாக இருந்தது.

சேல்ஸ் பிரிவில் கார் கம்பெனிகளுக்குப் போய் வருகிற ஒருவர் இருந்தார். நன்றாகப் பேசக்கூடியவர், கெட்டவர் இல்லை. ஒருநாள் என் பின்னால் நின்று நான் போர்டு திறப்பதைப் பார்த்தார்.

"மேடம், அவ்ளோதானா? பொத்தான அமுக்கினா போதுமா? அப்ப இத எனக்கும் குடுத்துடுங்களேன். ஒவ்வொரு தடவையும் உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

என் மேலதிகாரிக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சேல்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பொத்தானை அமுக்கும் அனுமதி கொடுத்தார். எனக்கும் அப்போது அதில் தப்பு தெரியவில்லை. ஒரு வேலை குறைகிறது என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முன்பெல்லாம் புதிய பாகம் என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது, "ஆர்டர் வந்துடுச்சா?" என்பதுதான். இரண்டு நாள் உட்கார்ந்து அடிக்க வேண்டுமே, அதனால் கேட்பேன். "இன்னும் இல்ல, கொட்டேஷன்தான் கேட்டிருக்காங்க," என்பார்கள். "அப்ப வந்ததும் சொல்லுங்க," என்று அனுப்பிவிடுவேன். எந்த விதிமுறையிலும் அந்தக் கேள்வி எழுதியிருக்கவில்லை. என் சோம்பலில் பிறந்த கேள்வி அது. இரண்டு நாள் வேலை போனதும், அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

விலை விசாரித்த பாகங்களுக்கெல்லாம் போர்டு திறக்க ஆரம்பித்தார்கள். வாடிக்கையாளர் கூட்டத்தில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, "பாருங்க சார், நாங்க இப்பவே ஆரம்பிச்சிட்டோம்," என்று சொல்ல அது வசதியாக இருந்தது. வாடிக்கையாளருக்கும் பிடித்திருந்தது என்றார்கள். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தப் போர்டை மூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது பாட்டுக்குத் திறந்து கிடக்கும். தேதிகள் வரும், போகும், கார்டுகள் சிவக்கும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மனிதரின் பெயர் இருக்கும், அவருடைய செல்பேசி ஒலிக்கும்.

முதலில் வந்தவர் டூல் ரூம் சூப்பர்வைசர்தான். ஆபீஸ் பக்கம் வருகிறவரே இல்லை அவர். கையில் செல்பேசியை எண்ணெய் படாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாம்மா இது? ஃபோனு வுடாம கத்திக்கினே கீது. வூட்ல எம் பொண்ணு, யாருப்பா உனக்கு இவ்ளோ மெசேஜ் போடறதுன்னு கேக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு மூடியின் மோல்டைச் சோதிக்கும் வேலை அவர் பெயரில் தாமதமாகிவிட்டதாகச் செய்தி.

"இந்த மோல்டு எங்க கீது? காட்டு, இப்பவே பாத்துக் குடுக்கறேன்."

"அது இன்னும் வரலீங்க. ஆர்டரே வரல."

"அப்ப இல்லாத மோல்டுக்கு நான் லேட்டா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, "இந்தச் சத்தத்த நிறுத்திக் குடு. நெசமா எதுனா இருந்தா நீயே வந்து ஒரு வார்த்தை சொல்லு," என்றார். நிறுத்திக் கொடுத்தேன். அதன் பிறகு உண்மையான வேலை ஒவ்வொன்றுக்கும் டூல் ரூமுக்கு நடந்துபோய்ச் சொன்னேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சத்தத்தை நிறுத்த, அவர்களிடமும் நான் நடந்துபோய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. எந்தப் போர்டு நிஜம், எது சும்மா என்று பிரிப்பது ஒரு தனி வேலையாக வளர்ந்தது. சில வாரங்களில் நான் பழையபடி இரண்டாவது பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

தென்காசிப் பெண் மட்டும் சத்தத்தை நிறுத்தவில்லை. தன் பெயரில் ஒன்று சிவப்பாகக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு போர்டிலும் சாம்பிள் அளக்கும் கார்டு, மறுபடி அளக்கும் கார்டு, அறிக்கை தரும் கார்டு என்று எல்லாம் அவள் பெயரில். ஆர்டர் வராத பாகங்களின் கார்டுகளையும் அவள் தினமும் திறந்து, சாம்பிள் வரவில்லை என்று எழுதி, தேதியைத் தள்ளி வைத்தாள்.

"காலைல வந்து மொத வேலை இதுதாங்க்கா," என்றாள் ஒருநாள் கேன்டீனில். "சாம்பிள் வரல, சாம்பிள் வரலன்னு எழுதிட்டே இருக்கேன். அதுக்குப் பொறவுதான் வந்த சாம்பிள அளக்க முடியுது."

"விட்டுத் தள்ளேன். நான் மேல சொல்றேன்."

"சொல்லுங்கக்கா. ஆனா அதுவர என் பேருல்லா கெடக்கு."

மேலே சொன்னேன். "பாத்துக்கலாம்," என்றார் மேலதிகாரி. அவர் மேஜையிலும் வேலை குவிந்துதான் கிடந்தது.

அவளுக்கு அந்தச் சமயம் ஊரில் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் போனாள். தேதி தள்ள ஆள் இல்லாததால் அவள் பெயரில் இருந்த கார்டுகள் எல்லாம் அந்த ஒரே வாரத்தில் சிவந்துவிட்டன. திங்கட்கிழமைதோறும், அதிகம் தாமதமானவர்களின் பெயர்களை வரிசைப்படுத்தித் தொழிற்சாலைத் தலைவருக்கு அனுப்பும் வசதி ஒன்றும் அந்த மென்பொருளில் இருந்தது. யாரோ அதை இயக்கி வைத்திருந்தார்கள். அவள் ஊரிலிருந்து திரும்பிய அன்றைய கூட்டத்தில் பெரிய திரையில் முதல் பெயராக அவள் பெயர் வந்தது. அதற்கு எதிரில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. இரண்டாவது பெயருக்கு அதில் கால்வாசி நீளம்கூட இல்லை.

"யார் இது?" என்றார் தலைவர்.

அவள் எழுந்து நின்றாள். இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்தவள். கையில் மருதாணி இன்னும் இருந்தது.

"நிச்சயதார்த்தத்துக்கு லீவு போட்டிருந்தேன் சார்."

"வாழ்த்துகள். ஆனா இவ்ளோ பெண்டிங் ஒரு வாரத்துல சேராதேம்மா."

அவள் குவாலிட்டி மேனேஜரைப் பார்த்தாள். அவர் எதிரில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்காமலே பேசிவிட்டேன்.

"சார், அதுல பாதிக்கு மேல ஆர்டர் வராத பாகம். சாம்பிளே கெடையாது. எத அளக்கறது?"

"அப்ப போர்டு எதுக்குத் தெறந்திருக்கு?"

சேல்ஸ்காரர் செல்பேசியைத் திருப்பித் திருப்பி மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தார். "தனியா பாத்துக்கறோம் சார்," என்றார் என் மேலதிகாரி. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் எச்.ஆரில் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். நேர நிர்வாகம் பற்றி ஒரு பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்னார்களாம்.

கேன்டீனில் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டாமல் நின்றாள்.

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்கக்கா. எம்புள்ள நல்லா வேல பாக்கான்னு நிச்சயத்தன்னைக்குக் கூட மாப்ள வீட்டுல சொல்லிட்டிருந்தாங்க."

"நீ நல்லாத்தான் வேல பாக்கற."

"அது ஒங்களுக்குத் தெரியும்," என்றாள். குழாயை மூடிவிட்டு, கை கழுவாமலே உள்ளே போனாள்.

அன்று பிற்பகல் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சோர்வில் பேச்சு இறங்கிவிடும் என்று பயம்.

"சார், அந்தப் பொத்தானை எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க. சேல்ஸ்ல யாருக்கும் வேணாம். புது பாகம்னா என்கிட்ட நேர்ல வரட்டும். ஆர்டர் வந்துச்சா, மோல்டு யாரு பண்றாங்க, இது ரெண்டுக்கும் பதில் சொல்லட்டும். அப்புறம் நான் தெறக்கறேன்."

"சேல்ஸ்ல கத்துவாங்களே."

"கத்தட்டும் சார்."

"யோசிச்சுப் பாருங்க. திரும்ப உங்களுக்குத்தான் வேல. முதல் பஸ் முதல் பஸ்னு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க?"

"இப்பவும் ரெண்டாவது பஸ்லதான் சார் போய்ட்டிருக்கேன்."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதற்காகவும் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் கழித்து, உண்மையான ஓர் ஆர்டரின் பேக்கிங் பெட்டி வேலை அத்தனை சிவப்புக்கு நடுவில் யார் கண்ணிலும் படாமல் போயிற்று. பாகங்கள் தயாராகி, போட்டு அனுப்பப் பெட்டி இல்லாமல் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றோம். வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. அதன் பிறகுதான் பொத்தான் என்னிடம் திரும்பியது.

சேல்ஸ்காரர்களில் சிலர் கொஞ்ச நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நன்றாகப் பேசுகிறவர் மட்டும் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இவ்ளோ கேள்வி கேட்டா எப்படி மேடம் பிசினஸ் பண்றது?"

"ரெண்டு கேள்விதாங்க."

முதல் கேள்விக்கே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். புதிதாகத் திறக்கிற போர்டுகள் குறைந்தன, பழையவை மட்டும் மூட ஆளில்லாமல் கிடந்தன. செல்பேசிகள் கொஞ்சம் அடங்கின. டூல் ரூம் சூப்பர்வைசர் சத்தத்தைத் திரும்ப வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. நான் நேரில் வந்து சொல்வதே அவருக்கு வசதியாகிவிட்டது. "நீ வந்தாதாம்மா வேலைன்னே தோணுது," என்றார். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. டூல் ரூம் எங்கள் ஆபீஸிலிருந்து தொழிற்சாலையின் அந்தக் கோடியில் இருக்கிறது. வெயில் காலத்தில் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் நடந்து போய் வந்தால் வேறு எதுவும் செய்யத் தோன்றாது.

தென்காசிப் பெண் வேலையை விட்டுவிட்டாள். கல்யாணத் தேதி குறித்ததும் கடிதம் கொடுத்தாள். பொத்தான் என்னிடம் திரும்பிய பிறகுதான் கொடுத்தாள். அதனால் நான் நேராகவே கேட்டேன்.

"அந்த மீட்டிங்கினாலயா?"

"இல்லக்கா. கல்யாணம்லா," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அவங்களும் இந்தப் பக்கம் வேல தேடலாம்னுதான் மொதல்ல சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். கோயம்புத்தூரே இருக்கட்டும்னுட்டேன்."

கடைசி நாளில் ஹாஸ்டல் காலி செய்துவிட்டுப் பையோடு வந்திருந்தாள். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். தலைவர் அறைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் அவளை நினைவு வைத்திருந்தாரா என்று கேட்டேன். "தெரியலக்கா. நல்லா இரும்மான்னாங்க," என்றாள். மாலையில் வண்டலூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியே, "சாப்புடுங்கக்கா, நீங்க மதியம் சாப்புடவே மாட்டுக்கீங்க," என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரில் இருக்கும் கார்டுகளை யாருக்கு மாற்றுவது என்று மென்பொருள் கேட்கும். ஒரு பெயரைக் கொடுத்து, எல்லாவற்றையும் மாற்று என்று ஒரே தடவை அமுக்கலாம். குவாலிட்டி மேனேஜரிடம் போனேன்.

"புதுசா வர்ற பையன் பேருக்கு மாத்திடுங்க," என்றார். "டெம்ப்ளேட்லயும் அவன் பேரே இருக்கட்டும்."

"அவர் இன்னும் சேரவே இல்ல சார்."

"சேரத்தானே போறான்."

"உங்க பேருக்குப் போடறேன் சார். டெம்ப்ளேட்லயும் உங்க பேருதான் போடப் போறேன். நீங்க பாத்து யாரு யாருக்கு எதுன்னு பிரிச்சுக் குடுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு என்றார், தான் செய்கிற வேலை போதாதா என்றார். என் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "உங்க பிரிவு சார்," என்று மட்டும் சொன்னேன். திரும்பி வந்து அவர் பெயரைப் போட்டேன். சூப்பர்வைசரிடமும் மற்ற பிரிவுகளிலும் போய்ச் சொல்லிவிட்டு, எல்லா இடத்திலும் அந்தந்தப் பிரிவின் தலைவர் பெயரையே போட்டேன்.

இரண்டு நாள் குவாலிட்டி மேனேஜர் என்னிடம் பேசவில்லை. அவர் செல்பேசி ஓயாமல் ஒலிப்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்.

"இது எப்படி மூடறது? காட்டுங்க."

ஒவ்வொரு கார்டாகத் திறந்தோம். இந்தப் பாகம் ஆர்டர் ஆயிற்றா என்று நான் பார்த்துச் சொல்ல, இல்லையென்றால் அவர் மூடினார். பழைய கார்டுகளில் அவள் எழுதிய குறிப்புகள் அப்படியே இருந்தன. சாம்பிள் வரவில்லை. சாம்பிள் வரவில்லை. இன்னும் வரவில்லை. ஒரு கார்டில் அந்த வரி கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அவர் அதைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் அந்தப் பொண்ணு எழுதினதா?"

"ஆமா சார்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அந்தக் கார்டையும் மூடினார். தேநீர்க்காரர் வந்து இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டுப் போனார். சன்னலுக்கு வெளியே சாலையில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நாங்கள் மூடிக்கொண்டே போனோம். தேநீரில் ஆடை படிந்தது. பாதிக்குமேல் இன்னும் பாக்கி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்றார்.

பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.